106 மில்லிமீட்டர் பவுடர் ஸ்கீ: குல்மார்க்கில் ஓட்டியும் சென்னையில் வைத்திருந்தும் பார்த்தது

பவுடர் ஸ்கீ, அதாவது இறுகாத புதுப்பனியில் ஓட்டும் அகலமான பனிச்சறுக்குப் பலகை, வாங்க நினைக்கும் இடைநிலைக்காரர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். புதுப்பனி விழுந்த காலையில் எது நன்றாக மிதக்கிறது என்று பார்த்து வாங்காதீர்கள். அன்றைக்கு அகலமான எந்த ஸ்கீயும் மிதக்கும். அதே நாள் மதியம் மூன்று மணிக்கு, ஊரே உழுதுவிட்டுப் போன சரிவில், தொடை சோர்ந்திருக்கும்போது எது சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று பாருங்கள். அதை வாங்குங்கள்.

இடைநிலை என்று நான் சொல்வது என்னைப் போன்றவர்களை. சமன்படுத்திய பாதையில் இரண்டு ஸ்கீயையும் சேர்த்து வைத்துத் தைரியமாகத் திரும்புவோம். முழங்கால் அளவு புதுப்பனி வந்தால் திணறிவிடுவோம். என் உயரம் 170 சென்டிமீட்டர். சில குளிர்காலங்களாக ஓட்டுவது 177 நீளமும் நடுவில் 106 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஜோடி. கம்பெனி பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். வருடா வருடம் பெயரும் மேலே உள்ள படமும் மாறும். பார்க்க வேண்டியது அளவுகளை.

ஸ்கீயின் மேல் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று மூன்று இடத்து அகலம் அது. நடு எண்தான் நமக்கு முக்கியம். 70, 80 என்றால் கெட்டிப் பாதைக்கானது. 85 முதல் 100 வரை எல்லா வகைப் பனிக்கும் பொது. 105-ஐத் தாண்டினால் பவுடர் பக்கம் போகிறோம். வேளச்சேரியில் இருக்கும் நண்பன் ஒருவன், என்னைவிட நன்றாக ஓட்டுகிறவன், "மச்சான், பவுடருக்குன்னு வாங்குற, 120-க்குக் கீழ போகாதடா" என்றான். அவனுக்கு அது சரி. வாங்குவதற்கு முன் காஷ்மீரின் குல்மார்க்கில் 118 ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். அங்குள்ள ரோப் காரான கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் கொண்டுபோய் விடும் அபர்வாட் சரிவில், ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில், அது சொர்க்கம். ஆனால் கீழே வர வேண்டுமே! கொண்டோலாவின் நடு நிலையமான கோங்டூரிக்கு வந்து, அங்கிருந்து இறுகிக் கிடக்கும் பாதையில் குல்மார்க் வரை இறங்குவதற்குள் முழங்காலின் உட்புறம் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

காரணம் எளிது. ஸ்கீயைச் சாய்த்து இரும்பு விளிம்பில் நிறுத்தினால்தான் கெட்டிப் பனியில் பிடிப்பு கிடைக்கும். ஸ்கீ பூட்ஸைவிட அகலமாக இருந்தால் அந்த விளிம்பு பாதத்துக்கு நேர்கீழே இல்லாமல் வெளியே தள்ளிப் போய்விடுகிறது. சாய்ப்பதற்குக் கணுக்காலும் முழங்காலும் கூடுதலாக உழைக்க வேண்டும். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறவும் நேரம் எடுக்கும். உடல் எடையை எப்போது எங்கே மாற்றுவது என்பது பழக்கமானவர்கள் இதைச் சமாளித்துவிடுவார்கள். நமக்கு அந்தத் தாமதத்திலேயே பயம் வந்து, பின்னால் சாய்ந்துவிடுவோம். பின்னால் சாய்ந்தால் அப்புறம் எந்த ஸ்கீயும் திரும்பாது.

106-லும் இந்தக் குறை அடியோடு போய்விடவில்லை. அதிகாலைக் கெட்டிப் பனியில் தடதடவென்று அதிரும், திருப்பத்தைக் கொஞ்சம் முன்கூட்டியே தொடங்க வேண்டியிருக்கும். ஆனால் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும். முழங்கால் வரை பனி இருக்கும் நாளில் இதற்குமேல் மிதப்பு வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அகலத்துக்கு அடுத்தது வளைவு. கடையில் இரண்டு ஸ்கீயையும் அடிப்பாகம் ஒட்டும்படி சேர்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் விரல் நுழையும் இடைவெளி தெரிந்தால் அது கேம்பர்; கெட்டிப் பனியில் பிடிப்பு தருவது அதுதான். முனைகள் ஒன்றையொன்று விட்டு முன்கூட்டியே விலக ஆரம்பித்தால் அது ராக்கர். பனிக்குள் மூக்கைக் குத்தாமல் மேலே எழவைப்பது அது. ஷேன் மெக்காங்கி என்ற சறுக்கு வீரர், நீர்ச்சறுக்குப் பலகையைப் பார்த்து, முழுக்கவே தலைகீழ் வளைவு கொண்ட ஸ்பேட்டுலா என்ற ஸ்கீயை 2000-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். அது நம்மைப் போன்றவர்களுக்கானது இல்லை. ஆனால் அதிலிருந்த ராக்கர் இன்று பெரும்பாலான ஸ்கீக்களின் முனைக்கு வந்துவிட்டது. முன்னால் நீண்ட ராக்கர், பின்னால் சிறிதளவு, காலுக்கடியில் கேம்பர். இந்தக் கலவையைத்தான் எடுத்தேன், அதில் முழுத் திருப்தி. ராக்கர் இருந்தால் கெட்டிப் பனியைத் தொடும் நீளம் குறைந்துவிடும் என்பதால், உயரத்தைவிடச் சற்று நீளமாக எடுத்தாலும் பயமில்லை.

உள்ளே உலோகத் தகடு வைத்த விறைப்பான வகையைத் தவிர்த்தேன். உழுத பனியில் அது பீரங்கி போலப் போகும், உண்மை. ஆனால் கால் கொஞ்சம் தளர்ந்தாலும் அது நம்மை ஓட்ட ஆரம்பித்துவிடும்.

பவுடர் ஸ்கீ நம்மைப் பாதைக்கு வெளியே இழுக்கும். 2024 பிப்ரவரியில் குல்மார்க் மேல்சரிவில் நடந்த பனிச்சரிவில் வெளிநாட்டு ஸ்கீயர் ஒருவர் இறந்தார். பனியில் புதைந்தவரைச் சிக்னலால் தேடும் டிரான்ஸீவர், மண்வெட்டி, பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பியான புரோப் மூன்றும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த வழிகாட்டியும் இல்லாமல் எல்லையைத் தாண்டாதீர்கள். கையில் காசு குறைவென்றால் முதலில் பூட்ஸ், அப்புறம் இந்த மூன்று, கடைசியில்தான் ஸ்கீ. ஸ்கீயை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம்.

இனி சென்னை விஷயம். வருடத்தில் பெரும்பகுதி இந்த ஸ்கீ இருப்பது பனியில் இல்லை, திருவான்மியூரில். கடற்கரை பக்கத்தில்தான். இங்கே ஜன்னல் கம்பிக்கு நடப்பதுதான் ஸ்கீ விளிம்புக்கும் நடக்கும். துடைத்து மட்டும் வைத்தால் ஐப்பசி மழைக்குள் விளிம்பு நெடுக ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பூத்துவிடும். ஊரிலிருந்து வந்ததும் உறையிலிருந்து எடுத்து ஃபேனுக்கடியில் ஒரு நாள் காயவிடுகிறேன். லேசான துருவை ரப்பர் தேய்ப்புக்கல்லால் எடுத்துவிடலாம். பிறகு வேக்ஸ், அதாவது அடிப்பாகத்தில் உருக்கிப் பூசும் மெழுகு. ஸ்கீக்கென்றே விற்கும் அயர்ன் நல்லது. நான் ஆவித் துளை இல்லாத பழைய இஸ்திரிப் பெட்டியை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். வேக்ஸ் கட்டியை அதன் அடியில் வைத்தால் சொட்டுச் சொட்டாக உருக வேண்டும், புகையக் கூடாது. புகைந்தால் சூடு அதிகம், அடிப்பாகம் கெட்டுவிடும். பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தாமல் முனையிலிருந்து வால் வரை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். விளிம்பையும் மூடும்படி கெட்டியாகப் பூசி, சுரண்டாமல் அப்படியே விட்டுவிடுகிறேன். கிளம்புவதற்கு முந்தைய வாரம் பால்கனியில் வைத்துப் பிளாஸ்டிக் பட்டையால் சுரண்டி, பிரஷ் போட்டால் போதும். இப்படிச் செய்ய ஆரம்பித்தபின் விளிம்பில் துரு இல்லை.

மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரணில் வைக்காதீர்கள். மே மாத வெயிலில் அந்தத் தளம் இரவிலும் கொதிக்கும், ஒட்டுப்பசைக்கு நல்லதில்லை. ஈரத்தோடு உறைக்குள் வைத்து ஜிப் போடுவதும் கூடாது. உள் அறையில், பீரோவுக்குப் பின்னால், நடுப்பகுதியை இறுக்கிக் கட்டாமல் சாய்த்து வைத்திருக்கிறேன்.

பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங் வேலையை மட்டும் வீட்டில் தொடுவதில்லை. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாக நீளம், ஓட்டும் திறமை எல்லாம் சேர்த்துத்தான் அது எப்போது கழன்றுகொள்ள வேண்டும் என்பதை வைக்க வேண்டும். குல்மார்க் போனதும் முதல் நாளே, ஓட்டுவதற்கு முன்னால், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிபார்த்துவிடுகிறேன். பூட்ஸின் குதிகால் பக்கத்தில் மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும் அடிப்பாக நீளத்தை ஃபோனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். புதிதாகப் பைண்டிங் வாங்கினால் கழன்ற ஸ்கீ ஓடிப்போகாமல் பனியில் குத்தி நிறுத்தும் பிரேக் கம்பியின் அகலத்தையும் கேளுங்கள். 106 ஸ்கீக்கு 110 அல்லது 115 பிரேக் சரியாக உட்காரும். 100 என்றால் ஸ்கீயைத் தாண்டிக் கீழே இறங்காது.