ராபர்ட் ஜான்சன் பெட்டியும் நானும்: 13 ஆண்டு அனுபவம்

ஒரு பொருளை வாங்கிய வாரமே எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் அட்டையைப் பற்றித்தான் எழுத முடியும். இந்தத் தொகுப்பை நான் வாங்கி 13 ஆண்டுகள் ஆகிவிட்டன. அட்டைப்பெட்டியின் ஒரு மூலை கிழிந்து, அதற்குச் செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் இப்போது பழுப்பேறிவிட்டது. இனி எழுதலாம்.

தொகுப்பின் பெயர் "தி கம்ப்ளீட் ரெக்கார்டிங்ஸ்". ராபர்ட் ஜான்சன் மிசிசிப்பி மாநிலத்துக்காரர், கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் இசையைக் கிதாரோடு பாடியவர். அவர் 1936, 1937 ஆண்டுகளில் பதிவு செய்த 29 பாட்டுகளும் 41 டேக்குகளாக இரண்டு சிடிகளில் இருக்கின்றன. ஒரு பாட்டை ஒவ்வொரு முறை பாடிப் பதிவதும் ஒரு டேக். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் 1990இல் வெளியிட்டது. நான் வாங்கியது யாரோ ஏற்கெனவே கேட்டுத் தள்ளிய பிரதி. விற்றவர் "புதிது போல" என்று சொல்லியிருந்தார். இரண்டாவது சிடியில் பூனை நடந்த மாதிரி கீறல்கள். அது வேறு கதை, பின்னால் வருகிறேன்.

உண்மையைச் சொன்னால் ஜான்சனுக்காக நான் இதை வாங்கவில்லை. கிரீம் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் "கிராஸ்ரோட்ஸ்" பாட்டில் எரிக் கிளாப்டன் வாசிக்கும் கிதார் சோலோவை இரண்டு மாதம் மெனக்கெட்டுக் கற்றுக்கொண்டிருந்தேன். 1968 மார்ச்சில் சான்ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லாண்ட் அரங்கில் பதிவான வாசிப்பு அது. பாட்டு எழுதியவர் பெயர் ஜான்சன் என்று இருந்தது. சரி, அசலையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான் ஆரம்பம்.

முதல் ஆறு மாதம் ஏமாற்றம்தான். கொதிக்கும் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி இரைச்சல், நடுவே ஒரு மெல்லிய குரல், ஒரு கிதார். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. அதிலும் ஒரே பாட்டின் இரண்டு டேக்குகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். "கைண்ட்ஹார்ட்டட் உமன்" முடிந்ததும் மறுபடி "கைண்ட்ஹார்ட்டட் உமன்". வேலை செய்துகொண்டே கேட்டால் சிடி பிளேயர் சிக்கிக்கொண்டதோ என்று சந்தேகம் வரும். என் அறை நண்பன் ஒருமுறை எழுந்து வந்து பிளேயரைத் தட்டியே பார்த்தான். பொழுதுபோக்காகக் கேட்பவருக்கு இந்த வரிசை பெரிய தொல்லை. 2011இல் வந்த நூற்றாண்டுப் பதிப்பில் மாற்று டேக்குகளைத் தனியாகப் பின்னால் தள்ளிவிட்டார்கள். கேட்க அதுதான் வசதி.

ஆனால் துப்பு துலக்க என் பழைய பெட்டியின் வரிசைதான் உதவியது. எப்படி என்று "கிராஸ் ரோட் ப்ளூஸ்" பாட்டை வைத்தே சொல்கிறேன்.

ஜான்சன் இதை 1936 நவம்பர் 27 அன்று டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் பதிவு செய்தார். இரண்டு டேக். முதல் டேக்தான் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அன்றைய இசைத்தட்டில் வந்தது. சற்று மெதுவான இரண்டாவது டேக் வெளியே வர 1961 ஆனது. அந்த ஆண்டு கொலம்பியா "கிங் ஆஃப் த டெல்டா ப்ளூஸ் சிங்கர்ஸ்" என்ற எல்பியை, அதாவது பல பாட்டுகள் கொண்ட நீள இசைத்தட்டை, வெளியிட்டது. லண்டனில் கிதாரும் கையுமாக இருந்த இளைஞர்கள் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட தட்டு அது. இப்போது கிரீமின் பாட்டைக் கேளுங்கள். நடுவில் ரோஸ்டேல் ஊருக்குப் போவதாக ஒரு சரணம் வருகிறது. "கிராஸ் ரோட் ப்ளூஸ்" பாட்டின் இரண்டு டேக்கிலும் அந்தச் சரணம் இல்லை. பெட்டியின் இரண்டாவது சிடியில் "டிராவலிங் ரிவர்சைட் ப்ளூஸ்" என்ற பாட்டில் இருக்கிறது. அந்தப் பாட்டு ஜான்சன் வாழ்ந்த காலத்தில் வெளிவரவே இல்லை. அதுவும் 1961 எல்பியில்தான் முதலில் வந்தது. ஆக, கிரீமின் பாட்டு மிசிசிப்பியிலிருந்து காற்றில் மிதந்து வந்ததல்ல. ஒரு குறிப்பிட்ட எல்பியின் இரண்டு பாட்டுகளை ஒட்டுப் போட்டது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பலருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்று பிற்பாடு தெரிந்தபோதும் மகிழ்ச்சி குறையவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று. 12 பார் ப்ளூஸ் என்றால் ஒவ்வொரு சரணமும் 12 பாரில் முடியவேண்டும். முதல் வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் பதில் சொல்வார்கள். ஜான்சன் தனியாள். பாட்டுக்கு வேண்டும்போது அரைப் பாரை நீட்டுகிறார், வேண்டாதபோது வெட்டுகிறார். காலால் தாளம் போட்டுக்கொண்டு கேட்டால் நாம் தடுமாறிவிடுவோம். மூன்று பேர் சேர்ந்து மேடையில் வாசிக்க அது ஒத்துவராது. அதனால் கிளாப்டன் எல்லாவற்றையும் நேராக்கி, ஒரு ரிஃப்பை, திரும்பத் திரும்ப வரும் சிறு கிதார் துணுக்கை, பிடித்து அதையே ஓட்டுகிறார். நான் இரண்டு மாதம் கற்றது அந்த இஸ்திரி போட்ட வடிவம். அசலை வாசிக்க முயன்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் முதல் சரணம்கூடச் சரியாக வரவில்லை.

இடையில் அந்தப் பிசாசுக் கதை. நாற்சந்தியில் பிசாசுக்கு ஆன்மாவை விற்று ஜான்சன் கிதார் கற்றார் என்பார்கள். பாட்டில் பிசாசே கிடையாது. பொழுது சாய்கிற நேரத்தில் வண்டி கிடைக்காமல் ஒருவன் கைகாட்டி நிற்கிறான், யாரும் நிறுத்தவில்லை, அவ்வளவுதான். அந்தக் கால மிசிசிப்பியில் இருட்டிய பிறகு ஒரு கறுப்பின இளைஞன் சாலையில் தனியாக நிற்பது எவ்வளவு ஆபத்து என்று யோசித்தால் அதுவே போதுமான பயம். பிசாசுக் கதை முதலில் டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றி அவர் அண்ணன் சொன்னது. குடும்பப் பெயர் ஒன்றாக இருந்ததும் வசதியாகப் போயிற்று.

அடுத்து நான் பிடித்துக்கொண்டு போன பாட்டு "லவ் இன் வெயின்". ரோலிங் ஸ்டோன்ஸ் 1969இல் "லெட் இட் ப்ளீட்" ஆல்பத்தில் இதைப் பாடினார்கள். ரை கூடரின் மேண்டலின் அதில் தேன் மாதிரி வழியும். ஜான்சனின் பதிவு 1937 ஜூனில் டல்லஸ் நகரில் நடந்தது. காதலி ரயிலேறிப் போகிறாள், அவன் பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலையம் வரை போகிறான். கடைசியில் சொற்கள் தீர்ந்துபோய் ஒரு பெண்ணின் பெயரை மட்டும் முனகுகிறார். இங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். அசலைக் கண்டாயிற்றே.

மூன்றாம் ஆண்டில் லெராய் கார் பாடிய "வென் த சன் கோஸ் டவுன்" காதில் விழுந்தது. 1935 பிப்ரவரிப் பதிவு. பியானோவோடு, அலட்டிக்கொள்ளாத குரல். இரண்டு வரி போவதற்குள் ஜான்சனின் மெட்டு எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. லெராய் கார் அதே ஆண்டு ஏப்ரலில் 30 வயதில் இறந்துபோனார். அவர் அன்றைக்குப் பெரிய நட்சத்திரம். ஊர் ஊராகச் சுற்றிப் பாடிய ஜான்சன் அவருடைய ரசிகர்.

அதற்கப்புறம் பெட்டியையே வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தேன். "32-20 ப்ளூஸ்" எங்கிருந்து வந்தது? ஸ்கிப் ஜேம்ஸ் 1931இல் பாடிய "22-20 ப்ளூஸ்". ஜேம்ஸ் அதைப் பியானோவில் வாசித்தார், ஜான்சன் கிதாருக்கு மாற்றினார், துப்பாக்கியின் ரகத்தையும் மாற்றினார். "வாக்கிங் ப்ளூஸ்" சன் ஹவுஸ் என்ற ப்ளூஸ் பாடகரிடமிருந்து. "கம் ஆன் இன் மை கிச்சன்" பாட்டின் மெட்டு மிசிசிப்பி ஷீக்ஸ் 1930இல் பாடிய "சிட்டிங் ஆன் டாப் ஆஃப் த வேர்ல்ட்" பாட்டை ஒட்டிப் போகிறது. ராக் பாடகர்கள் ஜான்சன் தட்டைக் கேட்டுச் செய்ததையே ஜான்சன் லெராய் கார் தட்டையும் ஜேம்ஸ் தட்டையும் கேட்டுச் செய்திருக்கிறார். காட்டு ஊற்று என்று நினைத்துத்தான் போனேன். அங்கேயும் ஒரு குழாய் இருந்தது.

ஸ்கிப் ஜேம்ஸ் அந்தத் தட்டைப் பதிவு செய்த இடம் விஸ்கான்சின் மாநிலத்தில் கிராஃப்டன் என்ற சிற்றூர். அதை வெளியிட்ட பாரமவுன்ட் தட்டுக் கம்பெனியை நடத்தியது நாற்காலி செய்கிற ஒரு நிறுவனம். தட்டுக்குப் போட்ட சரக்கு மட்டமானது. அந்தப் பதிவுகளோடு ஒப்பிட்டால் ஜான்சன் பெட்டியின் ஒலி பளிங்கு. அதே கிராஃப்டன் அமர்வில் ஜேம்ஸ் பாடிய இன்னொன்று "ஐயம் ஸோ கிளாட்". கிரீம் அதை 1966இல் எடுத்துப் பாடியது, அவருக்கு ராயல்டியும் போய்ச் சேர்ந்தது. நோயாளியாக இருந்த கடைசிக் காலத்தில் அந்தப் பணம் அவருக்கு உதவியது. 1969இல் இறந்தார்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. பணம் யாருக்குப் போனது என்ற கேள்வியில் இந்தப் பெட்டி என்னைச் சட்டப் புத்தகம் வரை இழுத்துவிட்டது. "லெட் இட் ப்ளீட்" ஆல்பத்தின் ஆரம்பப் பிரதிகளில் "லவ் இன் வெயின்" எழுதியவர் உட்டி பெய்ன் என்று அச்சாகியிருக்கும். அப்படி ஒரு ஆள் கிடையாது, புனைபெயர். பிறகு இந்தப் பாட்டும், ஸ்டோன்ஸ் 1972இல் பாடிய "ஸ்டாப் பிரேக்கிங் டவுன்" பாட்டும் நீதிமன்றம் போயின. தட்டை விற்றாலே பாட்டைப் பிரசுரித்ததாக அர்த்தம், பழைய தட்டுகளை 1930களில் பதிப்புரிமை பதியாமலே விற்றுவிட்டார்கள், ஆகவே பாட்டு பொதுச்சொத்து என்பது ஒரு தரப்பின் வாதம். இந்த வாதத்துக்கு வலுக் கொடுத்தது 1995இல் வந்த ஒரு தீர்ப்பு. அது இசட் இசட் டாப் குழுவின் "லா கிராஞ்ச்" பாட்டைப் பற்றியது. அந்தப் பாட்டு ஜான் லீ ஹுக்கரின் 1948 பதிவான "பூகி சில்லன்" பாட்டிலிருந்து எடுத்தது என்பதுதான் வழக்கு. 1997இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1978க்கு முன் தட்டு விற்றதைப் பிரசுரமாகக் கொள்ளக்கூடாது என்றது. 2000இல் ஜான்சன் பாட்டுகள் பொதுச்சொத்தல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு மிசிசிப்பி உச்ச நீதிமன்றம், மிசிசிப்பியில் சரளை ஏற்றும் லாரி ஓட்டிவந்த கிளாட் ஜான்சன்தான் அவருடைய மகன், வாரிசு என்று உறுதிசெய்தது. 27 வயதில் இறந்த அப்பாவின் பணம், மகன் கிழவரான பிறகு வந்து சேர்ந்தது.

இந்த விஷயத்தில் லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு, விட்டுவிடவும் மனமில்லை. "த லெமன் சாங்" முக்கால்வாசி ஹவுலின் வுல்ஃப் 1964இல் பாடிய "கில்லிங் ஃப்ளோர்", எலுமிச்சைப் பழ வரி ஜான்சனுடையது. "ஹோல் லாட்டா லவ்" பாட்டில் வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய வரிகள். டிக்சன் 1985இல் வழக்குப் போட்டு, இரண்டு ஆண்டில் நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்த்துக்கொண்டார். "வென் த லெவீ பிரேக்ஸ்" பாட்டில் மட்டும் மெம்ஃபிஸ் மின்னியின் பெயரை ஒழுங்காகப் போட்டார்கள். 1927 மிசிசிப்பிப் பெருவெள்ளத்தைப் பற்றி மின்னியும் கன்சாஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்தது அது. இரண்டு கிதாரும் துள்ளிக்கொண்டு போகும், கரை உடையப்போகிறது என்று ஜோ பாடுகிறார் என்பதே முதலில் உறைக்காது. 1971இல் செப்பலின் டிரம்ஸை ஒரு பழைய மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் வைத்துப் பதிவு செய்தார்கள். அதைக் கேட்டால் வெள்ளமே வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும். எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போகிறவனை முழுக்கத் திட்டவும் முடிவதில்லை.

இனி வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பெட்டியின் பெயரில் "கம்ப்ளீட்" என்று இருந்தாலும் அது முழுமையல்ல. "டிராவலிங் ரிவர்சைட் ப்ளூஸ்" பாட்டின் இன்னொரு டேக் பிறகு கிடைத்து 1998இல் வெளியானது. கையேட்டில் அச்சிட்ட பாடல் வரிகளில் சில இடங்கள் என் காதுக்கு ஒத்துவரவில்லை. அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். தட்டுகள் வேகமாக ஓட்டிப் பதிந்தவை, உண்மையான குரல் இன்னும் தடிமன் என்று ஒரு வாதம் உண்டு. மென்பொருளில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். தூக்கக் கலக்கத்தில் பாடுகிறவர் போல இருந்தது, விட்டுவிட்டேன். ஒலிபெருக்கியைவிட ஹெட்ஃபோன் நல்லது. ஒரே கிதாரில் கட்டைவிரல் கீழே பேஸ் வாசிக்க, மேலே மற்ற விரல்கள் பதில் சொல்வது அப்போதுதான் பிரிந்து கேட்கும். எந்தப் பாட்டு எந்த நாளில் பதிவானது என்று சரிபார்க்க, சான்டா பார்பராவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் பழைய இசைத்தட்டு விவரத் தளத்தைப் பயன்படுத்துகிறேன், இலவசம். ராக் பாட்டுகளை நீங்கள் கேட்டதே இல்லையென்றால் இந்தப் பெட்டியில் தொடங்க வேண்டாம். தெரிந்த ஒரு பாட்டிலிருந்து பின்னோக்கி நடந்து வாருங்கள்.

கீறல் கதைக்கு வருகிறேன். இரண்டாவது சிடியின் கடைசிப் பாட்டு "மில்க்கவ்ஸ் காஃப் ப்ளூஸ்", இரண்டு டேக். என் பிரதியில் இரண்டுமே நடுவில் குதிக்கும். அதனால் பத்து ஆண்டுகள் அந்தப் பாட்டை நான் பொருட்படுத்தவே இல்லை. போன வருடம் ஏரோஸ்மித் 1977இல் பாடிய "மில்க் கவ் ப்ளூஸ்" தற்செயலாகக் கேட்டு, எல்விஸ் 1955இல் வெளியிட்டதற்குப் போய், அங்கிருந்து கோகோமோ ஆர்னால்ட் 1934இல் பாடியதற்குப் போனேன். மடியில் கிதாரைக் கிடத்தி, தந்திகள் மேல் ஒரு குழாயை வழுக்கவிட்டு ஸ்லைடு வாசிக்கிறார், நடுவில் குரல் திடீரென்று உச்சிக்கு எகிறுகிறது. ஜான்சனின் "ஸ்வீட் ஹோம் சிகாகோ" பாட்டுக்கும் ஆர்னால்டின் இன்னொரு பாட்டுதான் மூலம். இவர் 1930களின் இறுதியில் இசையை விட்டு ஆலை வேலைக்குப் போய்விட்டார். ஆய்வாளர்கள் பின்னாளில் தேடிப் பிடித்தபோதும் திரும்பி வர ஆர்வம் காட்டவில்லை.

ஆர்னால்டின் தொகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். இந்த முறை கீறல் இருக்கிறதா என்று விற்பவரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.