ஹெம்ப் சட்டையும் சணல் பையும்: பம்பலப்பிட்டியில் வாங்கிய இரண்டு பொருட்கள்

கடந்த மே மாதம், கொழும்பு பம்பலப்பிட்டியில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள சிறிய துணிக்கடையில், ஹெம்ப் நாரால் நெய்த அரைக்கைச் சட்டை ஒன்றை 9,800 ரூபாய்க்கும், அதே நாரால் செய்தது என்று சொல்லி விற்ற தோள்பை ஒன்றை 3,200 ரூபாய்க்கும் வாங்கினேன். ஆறு மாதப் பாவனைக்குப் பிறகு இதை எழுதுகிறேன். சட்டை கொடுத்த காசுக்குத் தகும். பை ஹெம்ப்பே அல்ல.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. சணல் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவு வருவது சாக்கு. அந்தச் சணல் வங்காளத்துக் கழிமுக நிலங்களில் விளையும் ஒரு செடி. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் பசுந்தாட் பசளைக்காக விதைத்து மண்ணோடு உழுதுவிடுகிற, மஞ்சள் பூப் பூக்கும் சணலோ அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு செடி. ஹெம்ப் இவ்விரண்டும் அல்ல. அது கஞ்சாச் செடியே, ஆனால் நாருக்கும் விதைக்குமாக வளர்க்கப்படும், போதை தரும் டி.எச்.சி. மிகக் குறைந்த வகை. அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டு விவசாயச் சட்டம் அந்த அளவை 0.3 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது என்று வரையறுத்திருக்கிறது. இலங்கையில் கஞ்சாச் செடி 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்துக்குள் அடங்குவதால், நமது விவசாயி நாருக்காக என்று சொல்லி அதை விதைத்துவிட முடியாது. என் சட்டையின் துணியும் சீனாவிலிருந்து வந்ததுதான்.

சட்டைக்கு வருகிறேன். உட்புறச் சீட்டில் 55 சதவீதம் ஹெம்ப், 45 சதவீதம் பருத்தி என்று எழுதியிருந்தது. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் கலவை இது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நூல் ஒரே சீராக இல்லாமல், ஆங்காங்கே அரிசிக் குறுணி அளவு தடித்து மீண்டும் மெலிவது தெரிகிறது. இதைக் குறையாக எண்ண வேண்டாம், செடியின் தண்டுப் பட்டையிலிருந்து எடுக்கும் நாரின் இயல்பே அது. பொலியெஸ்டர் கலந்திருக்குமோ என்ற ஐயத்தில், கீழ் மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவி விளக்குத் திரியில் காட்டினேன். கடதாசி எரியும் வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்ததும் தூளாகிய சாம்பலே மிஞ்சியது. பொலியெஸ்டர் என்றால் உருகிக் கறுத்த மணியாக இறுகியிருக்கும்.

முதல் மூன்று வாரங்கள் சட்டை விறைப்பாகவே இருந்தது. கழுத்துப்பட்டி உரசி இரண்டு நாள் தோல் சிவந்தது. பத்தாவது சலவைக்குப் பிறகு துணி இளகி உடலில் படிந்தது. காலை எட்டு மணிக்கு வெள்ளவத்தையில் 100ஆம் இலக்கப் பேருந்தில் ஏறி, நின்றபடியே கோட்டை வரை செல்லும் எனக்கு, முதுகில் ஒட்டாத சட்டை என்பது சிறிய விடயம் அல்ல. வியர்வையை உறிஞ்சுகிறது, காற்றுப் பட்டதும் காய்ந்துவிடுகிறது. ஆனால் இந்த நாரில் பூஞ்சணம் பிடிக்காது என்று கடையில் சொன்னதை நம்ப வேண்டாம். ஒக்டோபர் மழையில் சரியாகக் காயாமல் அலுமாரியில் வைத்த சட்டையின் அக்குளில் புள்ளி விழுந்தது. ஈரம் இருக்கும்போதே அயன் செய்யாவிட்டால் சுருக்கமும் போகாது.

சீட்டில் அச்சிட்டிருந்த சுற்றுச்சூழல் பெருமைகளில் பாதிக்கு மேல் நியாயமானவை. ஹெம்ப் நெருக்கமாக விதைக்கப்பட்டு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, தன் நிழலாலேயே களையை அடக்குகிறது. ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடைக்கு வருகிறது. பூச்சிமருந்தும் நீரும் பருத்தியைப் போலக் கேட்பதில்லை. பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியதால் மத்திய ஆசியாவின் ஆரல் கடல் வற்றிய கதையை நினைத்தால் இதன் மதிப்பு புரியும். ஆயினும் அறுத்த தண்டிலிருந்து நார் பிரிய, அதைப் பனியிலோ நீரிலோ ஊறவிட்டுப் பிணைக்கும் பசையை நுண்ணுயிர்கள் தின்னவிட வேண்டும். தென்கரையோரத்தில் தும்புக்காகத் தேங்காய் மட்டை ஊறும் குழிகளை அருகில் நின்று முகர்ந்தவர்களுக்கு, அந்த நீர் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஊறவைத்த முறை எது, சாயம் எது என்பதைப் பற்றிச் சீட்டில் ஒரு வார்த்தையும் இல்லை. 9,800 ரூபாய் வாங்குபவர்கள் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றே நினைக்கிறேன்.

பையின் கதை வேறு. ஜூன் மாத மழையில் ஒருமுறை நனைந்ததும் அது வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கறையை இறக்கியது. கைப்பிடியின் இழைகள் தும்பு தும்பாக உதிர்ந்தன. புறக்கோட்டையில் நெடுங்காலம் சாக்கும் கயிறும் விற்ற சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு நூலைப் பிரித்து, நாக்கில் நனைத்து, இரு கைகளாலும் இழுத்தார். சிரமமே இல்லாமல் அறுந்தது. “தம்பி, இது சாக்குச் சணல். நனைஞ்சால் இதுக்குப் பலம் குறையும். நீ சொல்லுற சாமான் தண்ணிக்கு இப்பிடிப் போகாது” என்றார். அவர் சொன்னது சரி. பாய்க்கப்பல் காலத்தில் கடலை நம்பிப் போனவர்கள் பாய்க்கும் கயிற்றுக்கும் ஹெம்ப்பைப் பெரிதும் பயன்படுத்தினார்கள், பாய்த்துணியைக் குறிக்கும் கான்வாஸ் என்ற சொல்லே கஞ்சாச் செடியின் இலத்தீன் பெயரான கன்னாபிஸ் என்பதிலிருந்து பிறந்தது. சாக்குச் சணல் நல்ல நார்தான். அதை அதன் பெயரில் 900 ரூபாய்க்கு விற்றிருந்தால் நான் மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன்.

பையைத் திருப்பிக் கொண்டுபோனபோது விற்பனையில் நின்ற பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். தங்களுக்கும் மொத்த வியாபாரி அப்படித்தான் சொல்லித் தந்தார் என்றார். பணம் தரவில்லை, கடையில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சவர்க்காரமும் விதை எண்ணெயும் எனக்குத் தேவைப்படவில்லை. 3,200 ரூபாயைக் கழித்து, மீதியைக் கொடுத்து, இன்னொரு சட்டை எடுத்தேன். அதன் இழையையும் வீட்டுக்கு வந்ததும் விளக்கில் காட்டினேன், சாம்பல்தான்.