ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீரா, கூலன்டா?

பழைய கார் வாங்கியதும் நான் முதலில் பார்க்கச் சொல்வது ரேடியேட்டரைத்தான். பல வண்டிகளில் வெறும் தண்ணீர்தான் இருக்கும்.

தண்ணீரைக் குறைத்துப் பேச மாட்டேன். வெப்பத்தைக் கடத்துவதில் அது, எஞ்சினைக் குளிர்விக்கவென்றே விற்கும் திரவமான கூலன்டைவிடக் கெட்டிக்காரப் பொருள். நடுவழியில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டால், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி, ஒர்க்‌ஷாப் வரை போய்ச் சேரலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துவிடும். உள்ளே துருவும் ஏறும். எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போனால் செலவு பல ஆயிரம் ரூபாய்.

கூலன்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்தால் கொதிநிலை 100 டிகிரியிலிருந்து சுமார் 106 டிகிரிக்கு ஏறும். ஆனால் நம் ஊர் வண்டிக்கு அதைவிடப் பெரிய பலன் துருத்தடுப்பு. அந்தச் சக்தி நாளடைவில் தீர்ந்துவிடும் என்பதால், கையேடு சொல்லும் காலத்தில் மாற்ற வேண்டும். நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று வேறு வகையைக் கலக்காதீர்கள். வடித்தெடுத்த பழைய கூலன்ட் இனிக்கும் நஞ்சு. குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வையுங்கள்.

எதை ஊற்றினாலும் மட்டம் குறைந்துகொண்டே போனால், ஹோஸ் இணைப்புகளிலும் வாட்டர் பம்பிலும் கசிவைத் தேடுங்கள்.