நேர் கதீட்டரா, சுருள் கதீட்டரா? அம்மாவுக்கு இரண்டையும் போட்டுப் பார்த்தாச்சு

அம்மாவுக்கு வீட்டிலேயே சிஏபிடி டயாலிசிஸ் (சிறுநீரகம் செய்ய வேண்டிய சுத்திகரிப்புக்காக வயிற்றுக்குள் திரவத்தை ஏற்றி இறக்கும் முறை) தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. அந்தத் திரவம் போய்வரும் குழாய்தான் கதீட்டர், இதற்குள் வயிற்றில் இரண்டு விதமான கதீட்டர் இருந்துவிட்டன.

முதலாவது நேரான டென்க்காஃப். 1968-ல் ஹென்றி டென்க்காஃப் கொண்டுவந்த அதே அமைப்புதான், சிலிக்கோன் குழாய், அதைச் சுற்றி டாக்ரான் என்ற பாலியஸ்டர் இழையில் இரண்டு கஃப், அதாவது பட்டை. ஒன்று தசையில் உட்காரும், இன்னொன்று தோலுக்கு அடியில். இரண்டிலும் சதை வளர்ந்து குழாயைப் பிடித்துக்கொள்ளும், கிருமிக்கும் அதுதான் தடுப்பு. குழாயைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பையிலிருந்து திரவத்தை ஏற்றும்போது அந்தத் தண்ணீர் ஒரே இடத்தில் பீய்ச்சி அடித்ததோ என்னவோ, அடிவயிற்றில் சுரீரென்று வலிக்கிறது என்பாள் அம்மா, கிளாம்ப்பைப் பாதி மூடி மெதுவாக விடுவோம். எட்டாவது மாதம் இரண்டு லிட்டர் ஏற்றினால் ஒன்றேகால் லிட்டர்தான் திரும்பி வந்தது. மலச்சிக்கலால் இருக்கும் என்று மருந்து கொடுத்தார்கள், ஒரு முறை சரியானது, அடுத்த முறை ஆகவில்லை. எக்ஸ்ரேயில் பார்த்தால் கீழே இடுப்புக்குழியில் இருக்க வேண்டிய நுனி மேலே ஏறி நிற்கிறது.

இரண்டாவது ஸ்வான் நெக், நுனி சுருள். பெயருக்கேற்ப அன்னத்தின் கழுத்து மாதிரி தயாரிக்கும்போதே வளைத்திருப்பதால் குழாய் கீழ்நோக்கி வெளியே வருகிறது, வியர்வையும் அழுக்கும் தோலில் குழாய் வெளிவரும் துளையில் தேங்காது. நேர் குழாயையும் டாக்டர் வளைத்து வைக்கலாம்தான், ஆனால் சிலிக்கோன் நிமிரப் பார்க்கும், அந்த இழுப்பில் நுனி நகரலாம், வெளிக் கஃப் தோலைத் தள்ளிக்கொண்டு வரலாம். சுருளில் பக்கத் துளைகள் வழியே தண்ணீர் பரவி இறங்குவதால் வலி பெரிதும் குறைந்தது. அதற்காக சுருள் நகரவே நகராது என்று நம்பிவிடாதீர்கள், அதுவும் நகரும். தொற்று விஷயத்திலும் இதுதான் உசத்தி என்று எந்த வடிவத்தையும் சொல்ல முடியாது என்றுதான் எங்கள் டாக்டரும் சொன்னார்.

என் கோபமெல்லாம் வேறு. முதல் ஆஸ்பத்திரியில் அம்மாவைப் படுக்கவைத்த நிலையிலேயே இடம் பார்த்துத் துளை போட்டார்கள், எழுந்து நின்றால் அது சரியாகப் பாவாடை நாடா இறுக்கும் இடம்! தினமும் உரசி, சிவந்து, பொருக்கு கட்டி, களிம்பு தடவியே காலம் போனது. இரண்டாவது இடத்தில் ஆபரேஷனுக்கு முன்னாலேயே சேலை கட்டச் சொல்லி, உட்காரவைத்து, நிற்கவைத்து, நாடாத் தடத்துக்கும் வயிற்று மடிப்புக்கும் விலகி, அம்மா குனிந்தால் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்துப் பேனாவால் குறித்தார்கள். ஐந்து நிமிட வேலை!

நேர் கதீட்டருக்கு மூன்று நட்சத்திரம், சுருளுக்கு நாலு, அந்தப் பேனாவுக்கு ஐந்து. உங்கள் வீட்டில் யாருக்காவது போடப்போகிறார்கள் என்றால் எந்த மாடல் என்று கேட்பதற்கு முன்னால் துளை எங்கே வரும் என்று கேளுங்கள். வேட்டி கட்டுபவர் என்றால் அரைஞாண் கயிற்றையும் மறக்காமல் காட்டுங்கள்.