கடலூர் உப்புக்காற்றில் ஒரு பாராசூட் ரிக்: பல வருஷப் பயன்பாட்டு அனுபவம்

ஸ்கைடைவிங் கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் குதிக்கும் மைதானமான டிராப்ஸோனை ஒட்டி வாழ்கிறவர்கள். சனி, ஞாயிறு குதிப்பார்கள். ஏதாவது பழுதென்றால் பக்கத்து ஷெட்டிலேயே பாராசூட்டைச் சோதித்துப் பழுதுபார்க்கும் ரிகர் இருப்பார். என் கதை வேறு. வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரி. குதிப்பது லீவு கிடைக்கும்போது தாய்லாந்தில், எப்போதாவது ஹரியானாவின் நார்னௌலில். ஆக, பாராசூட்டும் பையும் சேர்ந்த என் ரிக் வானத்தில் இருப்பது நிமிஷக் கணக்கு, பீரோவில் கிடப்பது மாசக் கணக்கு. அதுவும் கடற்காற்றில் வெளி கேட்டே துருப்பிடித்துப் பொரிந்துபோகிற வீட்டில். எது வேகமாகப் பறக்கும் என்ற கேள்வி எனக்கு இரண்டாம் பட்சம். நாலு மாசம் சும்மா கிடந்த பிறகும் எது ஒழுங்காகத் திறக்கும் என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

என்னிடம் இருப்பது இதுதான். கன்டெய்னர், அதாவது முதுகில் மாட்டும் பை, வெக்டர் 3, செகண்ட்ஹேண்டில் வாங்கியது, ஸ்கைஹூக் உண்டு (அது என்னவென்று பிறகு சொல்கிறேன்). மெயின் கேனபி, அதாவது வழக்கமாகத் திறக்கும் பாராசூட், சேபர் 2, 190 சதுர அடி. அது கோளாறானால் திறக்கும் ரிசர்வ் ஆப்டிமம் 193. நான் இழுக்கத் தவறினால் தானாக ரிசர்வைத் திறக்கும் ஏஏடி, சைப்ரஸ் 2. ரிசர்வ் மெயினைவிடச் சின்னதாக இருந்தால் முதுகில் பை கச்சிதமாக உட்காரும் என்று சிலர் சின்னதாக வாங்குகிறார்கள். தோள் இறங்கியோ மயங்கியோ கிடக்கும் நேரத்தில் நம்மைத் தரையிறக்கப்போவது ரிசர்வ்தான். அதைப் போய் அழகுக்காகச் சுருக்குவானேன்?

உடம்பு, உடை, ரிக் எல்லாம் சேர்த்து விமானத்தை விட்டு வெளியேறும்போது என் எடை சுமார் 84 கிலோ, அதாவது 185 பவுண்டு. அதை 190-ஆல் வகுத்தால் 0.97. இதுதான் விங் லோடிங். இந்த எண் ஏற ஏற கேனபி வேகமாக ஓடும், திருப்பும் கைப்பிடியான டாகிளை இழுத்தால் வெடுக்கென்று திரும்பும், ஒவ்வொரு திருப்பத்திலும் அதிக உயரத்தைத் தின்னும். சின்னக் கேனபி இந்த விளையாட்டில் ஒரு அந்தஸ்து. "அண்ணா, இன்னும் 190-லயா இருக்கீங்க?" என்று என்னைவிட அனுபவம் குறைந்த பையன்களே கேட்பதுண்டு. ஆமாம் தம்பி, 190-லதான். பாராசூட் திறக்காமல் சாவதைத்தான் ஊரில் எல்லாரும் கற்பனை செய்கிறார்கள். உயிரிழப்புகளில் கணிசமானவை நன்றாகத் திறந்த கேனபிக்குக் கீழே, தரைக்குப் பக்கத்தில் தாழ்வாகத் திருப்பி மோதுவதால் நடப்பவை. அமெரிக்க பாராசூட் சங்கத்தின் பரிந்துரைப்படி ஆரம்ப நிலையான ஏ லைசென்ஸ்காரர் 60 நாள் குதிக்காமல் இருந்தாலே பயிற்சியாளர் மேற்பார்வையில்தான் மறுபடி தொடங்க வேண்டும். பி என்றால் 90 நாள், சி, டி என்றால் 180 நாள். மாசக்கணக்கில் இடைவெளி விட்டுப் போகிறவனுக்கு, யோசிக்க இரண்டு நொடி கூடுதலாகத் தரும் பெரிய கேனபிதான் சரி. காற்று பலமாக அடிக்கும் நாளில் அது முன்னால் நகராமல் நின்ற இடத்திலேயே தொங்கும், அது ஒரு குறைதான். அன்றைக்குக் குதிக்காமல் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி, வெளிநாட்டு ரிவ்யூ எதிலும் கிடைக்காத விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் எங்கே வைப்பது?

நம் பக்கத்தில் கரண்ட் போவது சகஜம் என்பதால் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் உண்டு. அதன் பேட்டரி பெரும்பாலும் ஸ்டோர் ரூமிலோ மாடிப்படிக்குக் கீழேயோ இருக்கும். பயணப் பைகளைத் தள்ளிவைக்கும் இடமும் அதுவேதான். லெட் ஆசிட் பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். பாராசூட் துணியும் பட்டைகளும் நைலான். அமிலம் பட்ட நைலான் பார்வைக்கு அப்படியே இருக்கலாம், பலம் மட்டும் போயிருக்கும். ஒரு துளி தெறித்த இடம் எது என்று வானத்தில்தான் தெரியவரும். அதனால் என் ரிக் படுக்கையறை மர பீரோவில், மேல் தட்டில். அந்துருண்டையை எடுத்துவிட்டேன், நைலானுக்குப் பக்கத்தில் எந்த மருந்தும் வேண்டாம் என்பது என் கொள்கை. பதிலுக்கு சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். காரின் டிக்கியில் பழைய பேட்டரி ஏற்றியிருந்தால் அந்தக் காரில் ரிக் ஏறாது.

அடுத்தது வெயில். ஐப்பசி, கார்த்திகையில் துணியெல்லாம் நமத்துப்போகும்போது கேனபியை விரித்து ஈரம் போக்குவேன். அம்மாவுக்கு இது புரிவதே இல்லை. "ஏன்டா ஹால் முழுக்க அடைச்சுக்கிட்டு ஃபேனைப் போட்டு வச்சிருக்க? மொட்டை மாடியில ஒரு மணி நேரம் போட்டா மொறமொறன்னு காஞ்சிடாதா?" காயும்மா, கூடவே நைலானும் செத்துப்போகும். வெயிலின் புற ஊதாக் கதிர் நைலானைச் சத்தமில்லாமல் பலவீனமாக்கும். நிழலில், ஃபேன் காற்றில், மொசைக் தரையைச் சுத்தமாகத் துடைத்துப் பெட்ஷீட் விரித்து அதன்மேல்தான் போடுவேன். அக்கா பையன் வந்தால் அன்றைக்கு அந்த வேலை இல்லை. அவனுக்கு அது டெண்ட்.

2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூரின் தாழ்வான பகுதிகளை மூழ்கடித்தது. எங்கள் தெருவில் தண்ணீர் வாசற்படியைத் தொட்டபோது முதலில் பரணுக்கு ஏறியது ரிக்தான். அப்புறம்தான் ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம். (வீட்டில் இதைப் பற்றி இன்னும் பேச்சு இருக்கிறது.) கரண்ட் வந்ததும் மெயினைப் பிரித்து ஆறப்போட்டேன். ரிசர்வை நான் தொடுவதில்லை, அது சீல் வைத்தது, சான்றிதழ் பெற்ற ரிகரின் வேலை. அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை அதைப் பிரித்துச் சோதித்து மறுபடி மடிக்க வேண்டும். 2008-க்கு முன்னால் அது 120 நாளாக இருந்தது. அடுத்த பயணத்தில் ரிகரிடம் புயல் கதையைச் சொல்லித்தான் ஒப்படைத்தேன். துணி நன்றாக இருந்தது. சொல்லாமல் கொடுத்திருந்தால் அவர் எங்கே கூர்ந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

உலோகத்துக்கு வருவோம். உடம்பைப் பிடிக்கும் பட்டைகளான ஹார்னஸில் வரும் வளையங்களும் பக்கிள்களும் இரண்டு வகை: காட்மியம் முலாம் பூசிய இரும்பு, இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடலோரத்துக்காரர் யோசிக்கவே வேண்டாம், ஸ்டெயின்லெஸ்தான். செகண்ட்ஹேண்ட் வாங்கும்போது ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வளையங்களின் உள்விளிம்பில் அழுத்தி ஓட்டிப் பாருங்கள். பழுப்புக் கோடு விழுந்தால் அந்த ரிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதே கைக்குட்டையைப் பையை மூடும் மடல்களில் உள்ள உலோகத் துளை வளையங்களான குரோமெட்டுகளிலும் ஓட்டுங்கள். அவற்றில் பல பித்தளை, நிக்கல் முலாம் போன இடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறும். விளிம்பு சொரசொரப்பானால் மூடும் கயிறு, அந்தச் சின்ன லூப், நூல் நூலாகப் பிரியும். லூப் அறுந்தால் கேனபி நாம் கேட்காத நேரத்தில் வெளியே வரும். விமானத்தின் கதவோரம் நிற்கும்போது அது நடந்தால் நம்மோடு விமானமும் போகும். ஒரு லூப்பின் விலை ஒரு சமோசா விலைகூட இருக்காது, லேசாகப் பிரிந்தாலே மாற்றிவிடுவேன்.

மெயின் கோளாறானால் அதைக் கழற்றிவிடும் மூன்று வளைய அமைப்பு ஒரு அற்புதமான எளிமை. பெரிய வளையத்துக்குள் நடுத்தர வளையம், அதற்குள் சின்னது, கடைசியில் ஒரு கயிற்றுக் கண்ணி, அதற்குள் மஞ்சள் நிறக் கேபிள். ஒவ்வொரு வளையமும் சுமையைக் குறைத்துக் குறைத்துக் கொடுப்பதால், முழு உடம்பின் எடை தொங்கும்போதும் ஒரு கைப்பிடி இழுப்பில் எல்லாம் அவிழும். ஆனால் மாசக்கணக்கில் ஒரே வடிவில் மடிந்து கிடந்தால் பட்டை விறைத்துக்கொள்ளும், வளையங்கள் விட்டுக்கொடுக்கத் தயங்கும். மாசம் ஒருமுறை அதைப் பிரித்து, பட்டையை முன்னும் பின்னும் வளைத்து, கேபிளைத் துணியில் கொஞ்சம் சிலிக்கோன் தொட்டுத் துடைத்து மறுபடி கோக்கிறேன். குதிக்கிற மாசமோ குதிக்காத மாசமோ, இது மட்டும் தவறாது. எங்கள் ஈரக்காற்றில் கேபிள் பிசுபிசுப்பாவதைக் கையிலேயே உணரலாம்.

ரப்பர் பேண்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கேனபியிலிருந்து தொங்கும் கயிறுகளான லைன்களை மடித்துக் கட்டும் ரப்பர் பேண்டுகள் இங்கே சீக்கிரம் இற்றுப்போகின்றன. "சைக்கிள் ட்யூபை வெட்டிப் போடு, ஜென்மத்துக்கும் அறாது" என்று நண்பன் ஒருவன் யோசனை சொன்னான். அறாது என்பதுதான் பிரச்சினை. சிக்கல் வந்தால் அந்த ரப்பர் அறுந்து லைனை விட வேண்டும், விடாவிட்டால் கேனபி பையைவிட்டே வெளிவராது. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு பொட்டலம் வாங்கிவந்து ஃபிரிட்ஜில், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

என் லைன்கள் ஸ்பெக்ட்ரா என்ற நாரால் ஆனவை. கேனபி மெல்லத் திறக்க லைன்களில் வழுக்கி இறங்கும் துணியான ஸ்லைடர் உரசும் சூட்டில் ஸ்பெக்ட்ரா மெல்லச் சுருங்கும், அதுவும் ஓரத்து லைன்களும் பிரேக் லைன்களும் அதிகமாக. சில நூறு ஜம்புகளில் கேனபி தன் வடிவத்திலிருந்து விலகி, திறக்கும்போது முரண்டு பிடிக்கத் தொடங்கும். வெக்ட்ரான், எச்எம்ஏ என்ற மற்ற நார்கள் சுருங்காது, ஆனால் தேய்வைப் பெரிதாகக் காட்டாமல் திடீரென்று அறுந்துபோகக்கூடியவை. ஸ்பெக்ட்ரா பஞ்சுபோல நார் விட்டு முன்கூட்டியே சொல்லும். ரிகரை அடிக்கடி பார்க்க முடியாத எனக்கு அந்த முன்னறிவிப்பு வேண்டும், அடுத்த லைன்செட்டும் ஸ்பெக்ட்ராதான். மெயினை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்டான பைலட் சூட்டின் நடுக் கயிறும் இதே மாதிரி சுருங்கும். அது போதிய நீளம் இல்லாவிட்டால் பைலட் சூட் காற்றைப் பிடிக்காமல் பின்னால் இழுபட்டுக்கொண்டே வரும். அதை மெயினோடு இணைக்கும் பட்டையான பிரைடிலில் உள்ள சின்ன ஜன்னலில் நிறம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையை மூடுவேன்.

சைப்ரஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது சும்மா இருப்பதுதான் அதன் சிறப்பு. சாதாரண வடிவம் தரைக்கு மேல் சுமார் 750 அடியில், நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகம் இருந்தால் ரிசர்வின் லூப்பை வெட்டும். முழு வேகத்தில் விழும்போது 750 அடி என்பது நாலு நொடிச் சொச்சம். இதை நம்பி ஒருவர் தாழ்வாக இழுக்கலாம் என்று நினைத்தால், மெயினும் ரிசர்வும் ஒன்றாக வெளியே வந்து நிற்கும். மூன்று வளையத்தையும், கழன்று போகும் மெயினை வைத்தே ரிசர்வை இழுத்துத் திறக்கும் ஸ்கைஹூக்கையும் உருவாக்கிய பில் பூத், கருவி பாதுகாப்பாக ஆக ஆக மனிதர்கள் அதற்கு ஈடாகக் கூடுதல் ஆபத்தைத் தேடிப் போவார்கள் என்று சொல்லியிருக்கிறார். டிராப்ஸோன்களில் நான் பார்ப்பதும் அதேதான். ஏஏடி இருக்கிறதே என்ற தைரியம் பேச்சிலேயே தெரிகிறது.

இந்தப் பேச்சு எப்போதும் டவர், பாலம், பாறையிலிருந்து குதிக்கும் பேஸ் ஜம்பிங்கில் போய் முடியும். சித்தப்பா பையன் ஒருவன் வீடியோ பார்த்துவிட்டு, "அண்ணே, உங்ககிட்டதான் பாராசூட் இருக்கே, நம்ம ஊரு செல்போன் டவர்ல இருந்து ஒண்ணு போடலாமே" என்றான். அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 60 மீட்டர் டவரிலிருந்து கைவிட்டால் தரைக்கு மூன்றரை நொடி. என் மெயின் மெதுவாக, உடம்பு நோகாமல் திறக்கத் தயாரிக்கப்பட்டது, அந்த உயரத்தில் அது விரிந்து முடிக்காது. பேஸ் ரிக்கே வேறு: ஒரே கேனபி, ரிசர்வ் கிடையாது, ஏஏடி கிடையாது. வேகம் எடுக்கும் முன்பே காற்றைப் பிடிக்கப் பெரிய பைலட் சூட். திசை மாறித் திறந்தால் எதிரே நிற்பது குதித்த சுவரோ பாறையோ. முதல் பயிற்சியைப் பாலங்களில் வைப்பதற்குக் காரணம், பின்னால் மோத எதுவும் இல்லை. அமெரிக்காவின் ட்வின் ஃபால்ஸில் 486 அடி பெரைன் பாலம் அதற்குப் பேர்போனது. பயிற்சியாளர்கள் பலரும் 200 ஸ்கைடைவ் முடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். டவர் என்றால் ஸ்டே கம்பிகள் வேறு, போலீஸ் வேறு. தம்பி கடைசியில் பைலட்டோடு சேர்ந்து பறக்கும் பாராகிளைடிங் டேண்டம் போகலாம் என்று இறங்கிவந்தான்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெல்மெட் முழு முகம் மூடியது. ஈரக்காற்றில், தரையில் நிற்கும்போதே மூச்சின் ஆவி அதன் கண்ணாடியில் படிந்து எதுவும் தெரியாது, விமானத்தில் கண்ணாடியைத் திறந்தே வைத்துக்கொள்கிறேன். கையில் உயரம் காட்டும் ஒரு ஆல்டிமீட்டர், காதருகே பீப் அடிக்கும் இன்னொன்று. அடிப்பதைக் கேட்டு உயரம் தெரிந்துகொள்ளும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, கண்தான் முதல். சென்னை விமான நிலையத்தில் ரிக்கைக் கைப்பையாகவே எடுத்துப்போகிறேன். சைப்ரஸின் எக்ஸ்ரே படம் உள்ள அட்டையைக் காட்டினால் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். "ஃப்ளைட் மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்ற ஜோக்கை மட்டும் ஒவ்வொரு முறையும் சிரித்துக் கேட்டாக வேண்டும், அரை மணி நேரம் முன்னாடியே போங்கள்.