சுரங்கத்து ஓடையில் ஓராண்டு: ஒரு கையடக்க பிஎச் மீட்டரின் மதிப்பீடு

கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் வாயிலிருந்து கசியும் நீர் கலக்கும் ஓடை ஒன்றைக் கவனித்து வருகிறேன். அதற்காகவே வாங்கிய, நீரின் அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரை ஓராண்டு பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

கருவி கைக்கு அடக்கமானது, தண்ணீரில் விழுந்தாலும் கெடாது, நீரின் வெப்பநிலைக்கேற்ப அளவைத் தானே திருத்திக்கொள்ளும். பிஎச் 4, பிஎச் 7 ஆகிய இரண்டு தாங்கல் கரைசல்களிலும் (பிஎச் அளவு முன்பே தெரிந்த கரைசல்கள்) சரிபார்த்துவிட்டு ஓடையில் இறங்கினால், கசிவு கலப்பதற்கு மேலே 7 என்றும் கீழே 3.5 என்றும் அரை நிமிடத்துக்குள் நிலைத்து நிற்கிறது. பிஎச் ஓர் அலகு குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதால், சில அடி தூரத்துக்குள் அந்த நீர் ஏறக்குறைய மூவாயிரம் மடங்கு அமிலமாகிவிடுகிறது. மேலே எந்தக் கல்லைப் புரட்டினாலும் அடியில் பூச்சிகளின் இளம்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே விரலால் வழித்தால் செம்மஞ்சள் களிம்புதான் வருகிறது. நிலக்கரியிலும் அதைச் சுற்றியுள்ள பாறையிலும் கிடக்கும் பைரைட் என்னும் இரும்பு சல்ஃபைடு, தோண்டியபின் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் பிரிகிறது. அந்த இரும்பு ஓடையில் துருவாகப் படிந்து, மீன் முட்டையிடும் சரளைக்கற்களின் இடைவெளிகளை அடைத்துவிடுகிறது.

அதே களிம்புதான் மீட்டருக்கும் எதிரி. மூன்றாம் மாதத்தில் அளவுகள் மெல்ல நகரத் தொடங்கின. எடுத்துப் பார்த்தபோது, நீரில் தோயும் மின்முனையின் கண்ணாடிக் குமிழில் துருப்படலம் ஒட்டியிருந்தது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்துக் கழுவி, மீண்டும் சரிபார்த்தபின் சரியாயிற்று. சுரங்க நீருக்கும் உகந்தது என்று விற்கும் நிறுவனம் இதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட எழுதாதது பெருங்குறை. மின்முனையைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்க வேண்டும், காய்ச்சி வடித்த நீரில் வைக்கவே கூடாது என்பதையும் நானே தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

இதைவிட முக்கியமான ஒன்றை வாங்குமுன் அறிந்திருக்க வேண்டும். அதே குன்றின் இன்னொரு கசிவில் நீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது; மீட்டர் 6.3 காட்டியது. நல்ல நீர் என்றே நம்பியிருப்பேன். ஒரு புட்டியில் பாதியளவு பிடித்து, குலுக்கி, மூடாமல் வைத்தேன். மூன்றாம் நாள் அடியில் செம்மஞ்சள் வண்டல் படிந்திருந்தது. பிஎச் 4-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்திருந்த இரும்பு, வெளியே வந்து ஆக்சிஜனேற்றம் அடைந்து படியும்போது புதிதாக அமிலத்தை உண்டாக்குகிறது. மீட்டர் காட்டியது பொய்யன்று. அந்தக் கணத்து அமிலம் மட்டும்தான் அதற்குத் தெரியும், நீரில் மறைந்திருக்கும் அமிலம் தெரியாது.

ஆகவே தாராளமாக வாங்கலாம், ஆனால் நீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று அளக்கும் கடத்துத்திறன் மீட்டர் ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள். சல்ஃபேட்டும் உலோகங்களும் கரைந்த நீரில், பிஎச் நல்லதாகத் தெரியும்போதும் கடத்துத்திறன் உயர்ந்தே இருக்கும். இப்போதெல்லாம் ஒவ்வொரு கசிவிலும் இரண்டையும் அளந்து, ஒரு புட்டி நீரையும் வீட்டுக்கு எடுத்து வருகிறேன்.