நாக்கு மீன் வறுவல்: காசிமேட்டுப் பக்கம் ஒரு மெஸ்

மொத்தமே ஐந்து மேசைதான். வஞ்சிரம் தீர்ந்துவிட்டது என்றதும், "நாக்கு மீன் இருக்குண்ணே, சாப்பிட்டுப் பாருங்க" என்றான் பரிமாறிய தம்பி. சரி என்றேன்.

அடுப்படியில் எட்டிப் பார்த்தேன். நாக்குபோலத் தட்டையான மீன். மேல்பக்கம் ஈர மணலின் பழுப்பு, அடிப்பக்கம் வெள்ளை. மேலே தெரிவது அதன் இடப்பக்கம்; இரண்டு கண்ணும் அதிலேயே! குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒன்றாக இருக்குமாம். வளர வளர ஒரு கண் இந்தப் பக்கம் நகர்ந்துவிடும். மணலுக்குள் புதைந்து கிடந்தால் யார் கண்டுபிடிப்பது? தலையோரம் கீறி, சட்டை கழற்றுவதுபோல ஒரே இழுப்பில் தோலை உரித்தார் அக்கா.

ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு. ஓர முள்ளைக் கிள்ளிவிட்டால் மிச்சம் நடுத்தண்டோடு வந்துவிடும். உப்புதான் ஒரு சிட்டிகை கூடுதல், ரசம் சுமார். 2 மீன் 120 ரூபாய். 1 மணிக்குள் போய்விடுங்கள்.